பெருந்தொற்றுக்குப் பிந்தைய விடுமுறைப் பயணம் (ஆரணி – கும்மிடிப்பூண்டிப் பகுதி)

பள்ளி, அலுவலகம், தொழிற்சாலை ஆகியவற்றுக்கு விடுமுறை கிடைக்கும் நாட்களில் மக்கள் வெளியூர் சென்று திரும்புவதை விடுமுறைப் பயணம் என்கிறோம். மலைவாசத்தலத்துக்கும் கடற்கரைக்கும் போவது மட்டும் விடுமுறைப் பயணம் அன்று. நம் பக்கத்தில் பாட்டி வீட்டுக்குப் போவதும், வேண்டுதலுக்காகக் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய் ஓர் இரவு தங்கிப் பொங்கலிட்டு வருவதும் அதில் அடங்கும். 2020ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. 2023 மே 5 அன்று உலகளாவிய அவசரநிலை முடிந்ததாக அதே நிறுவனம் தெரிவித்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் பயணம் முதலில் நின்றது. பின்னர் துண்டு துண்டாகத் திரும்பியது. திரும்பி வந்த பயணம் பழைய பயணம்தானா என்பதைத் திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

இங்கு குறிப்பிடப்படும் ஆரணி, பட்டுக்குப் பெயர்பெற்ற திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி அன்று. பெரியபாளையத்துக்கு அருகில், ஆரணியாற்றை ஒட்டியுள்ள பேரூராட்சி இது. கிழக்கே சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையும் அதை ஒட்டிக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையும் உள்ளன. வடக்கிலும் மேற்கிலும் சிறிது தூரத்திலேயே ஆந்திர எல்லை வந்துவிடும்.

எண்ணிக்கை சொல்வது

உலக அளவில் 2019இல் ஏறத்தாழ 146 கோடி பன்னாட்டுப் பயணங்கள் பதிவாயின. 2020இல் அது 40 கோடி அளவுக்குச் சரிந்தது. 2024இல் மீண்டும் 140 கோடியைத் தொட்டது. அதாவது உலகம் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிட்டது.

தமிழ்நாட்டின் கதை வேறு. 2019இல் மாநிலத்துக்குள் சுமார் 49 கோடி உள்நாட்டுச் சுற்றுலா வருகைகள் கணக்கிடப்பட்டன. 2021இல் அது 11.5 கோடியாகக் குறைந்தது. 2023இல் 28.6 கோடி. வெளிநாட்டினர் வருகை 2019இல் 68 லட்சத்துக்கும் மேல். 2021இல் அறுபதாயிரத்தைக்கூட எட்டவில்லை. மாணவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இவை ஆட்களின் எண்ணிக்கை அல்ல, வருகைகளின் எண்ணிக்கை. ஒரே குடும்பம் ஓர் ஆண்டில் நான்கு ஊர்களுக்குப் போனால் நான்கு முறை கணக்கில் வரும். ஆகவே இந்தச் சரிவுக்கு, பயணிகள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்பது மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே பயணத்தில் நாலைந்து ஊர்களைச் சுற்றிவரும் வழக்கம் குறைந்தாலும் இந்த எண் இறங்கும்.

எண்ணிக்கை பாதியளவுக்குக் குறைந்திருந்தும் ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலையில் நெரிசல் குறையவில்லையே என்று கேட்கலாம். அதற்கு விடை, மக்கள் எதில் போகிறார்கள், எந்த நாளில் போகிறார்கள் என்பதில் இருக்கிறது.

பயணம் நின்ற காலம்

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாள் நாடு முழுவதும் ஊரடங்கு. பயணிகள் ரயில்கள் அதற்கு முன்பே நிறுத்தப்பட்டுவிட்டன. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கட்டாயமாயிற்று. ஆரணியிலிருந்து ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் வேறு மாநிலம்; கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே எளாவூர் சோதனைச் சாவடி. காலையில் போய் மாலையில் திரும்பும் உறவுக்காரர் வீடு திடீரென்று வெளிநாடு போல் ஆகிவிட்டது. எல்லைக்கு அப்பால் பெண் கொடுத்த குடும்பங்களுக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும்.

நோய்க்காலத்தில் பயணிக்கு அனுமதிச் சீட்டு கேட்பது நமக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாயிலிருந்து பிளேக் நோய் பரவியபோது, நோயுள்ள பகுதிகளிலிருந்து ரயிலில் வந்தவர்களைச் சென்னை மாகாணத்தில் நிறுத்திப் பரிசோதித்து, ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்னும் சீட்டைக் கொடுத்தனர். வீடு சேர்ந்த பின் அதை வைத்துக்கொண்டு நாள்தோறும் அதிகாரியிடம் நேரில் சென்று நலமாக இருப்பதைக் காட்ட வேண்டும். இ-பாஸ் அதன் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

2020 செப்டம்பர் 7 முதல் மாவட்டங்களுக்கு இடையே பேருந்துகள் ஓடின. சென்னைப் புறநகர் ரயிலில் பொதுமக்கள் அனைவரும் ஏற டிசம்பர் 23 வரை காத்திருக்க நேர்ந்தது. அப்போதும் நெரிசல் இல்லாத நேரங்களில் மட்டும். கும்மிடிப்பூண்டித் தடத்தையே நம்பியிருப்பவர்களுக்கு ஒன்பது மாதம் என்பது சிறிய காலம் அன்று. 2021 காணும் பொங்கலுக்கு மெரினா கடற்கரையிலும் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் மக்களுக்கு அனுமதி இல்லை. 2022இலோ காணும் பொங்கல் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அந்த ஞாயிறு முழு ஊரடங்கு நாள்.

பிள்ளைகளின் இழப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் எட்டாம் வகுப்பில் இருந்த மாணவர், பெரும்பகுதி வீட்டிலிருந்தே படித்து, 2022 மே மாதத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினார். வழக்கமாக மே மாதம் விடுமுறை. அந்த ஆண்டு அது தேர்வு மாதமாயிற்று. ஜூன் 13 அன்று அடுத்த கல்வியாண்டு தொடங்கிவிட்டது. பள்ளிச் சுற்றுலா என்று வண்டலூருக்கோ மாமல்லபுரத்துக்கோ கட்டுச்சோற்றுடன் பேருந்தில் பாடிக்கொண்டு போகும் அந்த ஒரு நாள், அந்த வகுப்பினருக்குக் கிடைக்காமலே போயிற்று. பணியில் இருந்த ஆண்டுகளில் இத்தகைய சுற்றுலாக்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவன் என்பதால், பாடம் விட்டுப்போனதைவிட இது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுகிறது. விட்ட பாடத்தை அடுத்த ஆண்டு நடத்திவிடலாம். பதின்மூன்று வயதில் முதன்முதலாகக் கடல் பார்ப்பதைப் பதினாறு வயதில் ஈடுசெய்ய முடியாது.

அருகிலுள்ள இடங்களுக்குத் திரும்பிய பயணம்

தடைகள் தளர்ந்தபோது மக்கள் முதலில் தேடியது பக்கத்து ஊர்களை. வெளியூர் போய் அங்கே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற அச்சம் ஒன்று. சொந்த வண்டியில் வேற்று ஆள் இல்லாமல் போகலாம் என்ற எண்ணம் மற்றொன்று. காலையில் புறப்பட்டு இரவு வீடு திரும்பும் ஒரு நாள் பயணம் இதனால் பெருகியது. நோய்ப் பயம் போன பிறகும் இந்தப் பழக்கம் தங்கிவிட்டது.

இதை நன்றாகப் பார்க்கக் கூடிய இடம் சிறுவாபுரி. அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற இந்த முருகன் கோயிலுக்கு ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து வந்தால் சொந்த வீடு அமையும் என்பது நம்பிக்கை. முன்பும் கூட்டம் உண்டு. இப்போது செவ்வாய்க்கிழமைகளில் நெடுஞ்சாலையிலிருந்து கோயிலுக்குத் திரும்பும் சாலையில் சென்னைப் பதிவெண் கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன. கைப்பேசியில் யாரோ பேசிய காணொலியைப் பார்த்து வருகிறவர்கள் பலர். கிராமத்துச் சாலை அகலமாகவில்லை. வருகிற வண்டி மட்டும் பெருத்துவிட்டது.

பெரியபாளையம் பவானி அம்மன் கோயில் இதற்கு நேர்மாறான ஒரு மாற்றத்தைக் காட்டுகிறது. ஆடி ஞாயிறு என்றால், முன்னெல்லாம் சனிக்கிழமையே மாட்டு வண்டியிலும் பிறகு டிராக்டரிலும் வேனிலும் வந்து இறங்குவார்கள். ஆற்றங்கரை ஓரம் இடம்பிடித்து, இரவு தங்கி, விடியலில் வேப்பஞ்சேலை கட்டி வலம் வந்து, பொங்கலிட்டு, ஆக்கி உண்டு திரும்புவார்கள். உறவினர் இருபது முப்பது பேர் சேர்ந்த பயணம் அது. 2020, 2021 ஆடி மாதங்களில் அது இயலவில்லை. 2021இல் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களும் வழிபாட்டுத் தலங்களில் பக்தர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டு, அக்டோபர் 14ஆம் தேதிதான் எல்லா நாட்களுக்கும் திறக்கப்பட்டன. ஞாயிற்றுக்கிழமையே முக்கியமான கோயிலுக்கு ஞாயிறு அடைப்பு என்றால் எப்படி இருந்திருக்கும்! கூட்டம் இப்போது முழுமையாகத் திரும்பிவிட்டது. ஆனால் தங்குவோர் விகிதம் குறைந்திருப்பதாகவே என் கண்ணுக்குப் படுகிறது. கும்பிட்டு, படம் எடுத்து, ஓட்டலில் சாப்பிட்டு, இரண்டு மணிக்குள் வீட்டில் இருக்கிறார்கள். அம்மனுக்குக் குறை இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை அங்கே சந்தித்துப் பேசிவந்த உறவுக்காரர்களுக்குத்தான் குறை.

பழவேற்காட்டுக்கும் ஒரு நாள் பயணிகள் மிகுதியாக வருகின்றனர். டச்சுக்காரர் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் அடையாளங்களும் அவர்களுடைய கல்லறைத் தோட்டமும் இங்குள்ளன. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். ஏரியின் வடபுறம் ஆந்திரத்தில் சூளூர்பேட்டையை மையமாகக் கொண்டு நடக்கும் பூநாரைத் திருவிழா, 2020க்குப் பின் நின்று, 2025 ஜனவரியில்தான் மீண்டும் நடந்தது. இங்கு வருவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்த குடும்பத்தினர் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. காணொலி பார்த்துப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தச் செய்தி தெரிவதில்லை. மீனவரிடம் பணம் கொடுத்து ஏறிக்கொள்ளலாம் என்று நினைக்கின்றனர். உயிர்காப்பு உடை இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

தொழிலாளர்களின் விடுமுறை

சிப்காட் தொழிற்பேட்டையில் ஒடிசா, பீகார், ஜார்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலத் தொழிலாளர்கள் பெருமளவில் வேலை செய்கின்றனர். இவர்களுக்கு விடுமுறைப் பயணம் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போவதுதான். 2020 மே மாதத்தில் சிறப்பு ரயில்களுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தவர்கள் ஒருபுறம். பொறுக்க முடியாமல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி நடந்தவர்கள் மறுபுறம். சுற்றுலா பற்றிய கட்டுரைகளில் இவர்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆனால் தீபாவளி, சாத் பூசை நாட்களில் சென்ட்ரல் நிலையத்தில் முன்பதிவில்லாப் பெட்டிக்கு முன் நிற்கும் வரிசையும் விடுமுறைப் பயணத்தின் வரிசைதான்.

மலைக்குப் போக மீண்டும் இ-பாஸ்

பெருந்தொற்றுக் காலத்துக் கருவி ஒன்று முற்றிலும் வேறு நோக்கத்துக்காக உயிர்பெற்றது கவனிக்கத்தக்கது. நோய் அடங்கிய பின், அடைபட்டிருந்த ஆசையெல்லாம் சேர்ந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் திரண்டது. பருவகாலத்தில் நீலகிரிக்கு ஒரு நாளில் ஏறத்தாழ 20,000 வாகனங்கள் வருவதாக நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மலைச்சாலையும் குடிநீரும் காடும் இதைத் தாங்காது என்ற நிலையில், சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் இவ்விரு இடங்களுக்கும் வரும் வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டும் என்று உத்தரவிட்டது. முதலில் இது எண்ணிக்கையை அறிவதற்காக மட்டுமே. 2025 ஏப்ரல் முதல் கோடைக்காலத்துக்கு உச்சவரம்பும் வந்தது: ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் இக்கட்டுப்பாடு இல்லை. நோயைத் தடுக்கப் பிறந்த சீட்டு இப்போது கூட்டத்தைத் தடுக்கிறது. ஆரணியிலிருந்து வேன் பேசிக்கொண்டு போகும் குடும்பம் புறப்படும் முன்பே இணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பேருந்தில் போகிறவர்களுக்கு அந்த வேலையே இல்லை.

ரயில் கட்டணமும் முதியோரும்

ஊரடங்குக்குப் பின் சாதாரணப் பயணிகள் ரயில்கள் ‘சிறப்பு’ ரயில்களாக ஓடின. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. 2024 பிப்ரவரி இறுதியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. ஐந்து பேர் கொண்ட குடும்பம் அடுத்த ஊர்க் கோயிலுக்குப் போய்வர 100 ரூபாய் ஆகும் இடத்தில் 300 ரூபாய் ஆனது. அப்போது இருசக்கர வாகனத்துக்கு மாறியவர்கள் எல்லாரும் ரயிலுக்குத் திரும்பியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. முன்பதிவுக் காலமும் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துள்ளது.

ஆனால் ஒன்று திரும்பவேயில்லை. 60 வயது நிறைந்த ஆண்களுக்கு 40 விழுக்காடும் 58 வயது நிறைந்த பெண்களுக்கு 50 விழுக்காடும் ரயில்களில் அளிக்கப்பட்ட கட்டணச் சலுகை, 2020 மார்ச் 20 முதல் நிறுத்தப்பட்டது. தேவையற்ற பயணத்தைக் குறைத்து முதியோரை நோயிலிருந்து காப்பதற்காக என்று அப்போது காரணம் கூறப்பட்டது. அவசரநிலை முடிந்த பிறகும் சலுகை மீளவில்லை. பயணத்துக்கு ஆகும் செலவை விடக் குறைவாகவே எல்லாரிடமும் வாங்குகிறோம் என்பது ரயில்வே தரப்பு விளக்கம். காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போகும் வயது, ஓய்வூதியம் அல்லது பிள்ளைகளின் கையை எதிர்பார்க்கும் வயது. முழுக் கட்டணம் என்றதும் கணவன், மனைவி இருவரில் ஒருவர் மட்டும் போய்வருவது என்று முடிவெடுத்த வீடுகள் எனக்குத் தெரியும். இந்து சமய அறநிலையத் துறை 60 முதல் 70 வயதுள்ளோரை அறுபடை வீடுகளுக்குக் கட்டணமின்றி அழைத்துச் செல்லும் திட்டத்தை 2024இல் தொடங்கியது. இடங்கள் குறைவு என்பதால் விண்ணப்பிப்போரில் சிலருக்கே வாய்ப்புக் கிட்டும். அறிவிப்பு வரும்போது வீட்டிலுள்ள பெரியவர்களுக்காக மாணவர்கள் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கலாம். வயதுச் சான்றும் ஆதார் அட்டையும் கையில் இருந்தால் போதும் என்று நினைக்காமல், மருத்துவச் சான்றையும் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.