மூலையை வளைத்தவர்கள்

சென்ற வாரம், இறக்கைக்குக் கீழே அழுத்தம் கூடி மேலே குறைவதால் விமானம் எழும்புகிறது என்று பார்த்தோம். கீழே அழுந்திய காற்று, இறக்கையின் நுனியில் வழி கிடைத்ததும் மேலே ஏறிப் புரள்கிறது. ஆற்றுச் சுழி போல அது விமானத்துக்குப் பின்னால் வெகுதூரம் நீண்டு கிடக்கும். அந்தச் சுழியைச் சுழற்றும் சக்தியும் நாம் ஊற்றிய எரிபொருளிலிருந்துதான் போகிறது.

இறக்கையை நீட்டினால் சுழி தளரும். ஆனால் நீளம் கூடக் கூட அதன் அடிப்பாகம் பலமாக வேண்டும், எடை ஏறும், நிறுத்தவும் இடம் போதாது. நுனியில் ஒரு தட்டை நிறுத்தி அடைத்துவிடலாமே என்று இங்கிலாந்தின் லான்செஸ்டர் 1897-லேயே காப்புரிமை வாங்கினார். ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு 6 ஆண்டுகள் முன்பு! தட்டு சுழியைக் குறைத்தது. ஆனால் தானே காற்றுக்குத் தடையாகவும் நின்றது.

அமெரிக்காவில் நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் இருந்த ரிச்சர்டு விட்கம் இதை வேறு விதமாகப் பார்த்தார். அங்கே நிற்க வேண்டியது தட்டு அல்ல, இன்னொரு சின்ன இறக்கை, அதாவது விங்லெட். பக்கவாட்டுக் காற்றைப் பாய்மரம் வாங்கிப் படகை முன்னே தள்ளுவதுபோல, சுழன்றேறும் காற்றை அந்தச் சின்ன இறக்கை வாங்கிக்கொண்டு விமானத்தைச் சற்றே முன்னுக்குத் தள்ளும். 1976-ல் அவர் ஆய்வறிக்கை வெளியானது. 1973-ன் எண்ணெய் நெருக்கடி எல்லோரையும் உலுக்கியிருந்த நேரம். பின்னர் ராணுவத்தின் கேசி-135 விமானத்தில் பொருத்திப் பறந்து பார்த்தார்கள். பறக்கும் தூரம் 6 முதல் 7 சதவீதம் வரை கூடக்கூடும் என்று தெரிந்தது.

பயணிகள் விமானக் கம்பெனிகள் யோசித்துக்கொண்டிருந்தபோது, துணிந்து முந்தியது ஒரு பிசினஸ் ஜெட். 1977-ல் பறந்த லியர்ஜெட் 28-ன் நுனிகள் மாட்டுக் கொம்புபோல நிமிர்ந்திருந்ததால் 'லாங்ஹார்ன்' என்றே பெயர் வந்தது. 1979-ல் நீல் ஆம்ஸ்ட்ராங் அதை ஓட்டிச் சாதனைகள் படைத்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பிறகு நடந்தது. இறக்கையும் விங்லெட்டும் சேரும் மூலையில் இரண்டின் காற்றோட்டமும் மோதி, லாபத்தில் ஒரு பங்கு வீணாகிக்கொண்டிருந்தது. 1991-ல் சியாட்டிலில் ஜோ கிளார்க் தொடங்கிய ஏவியேஷன் பார்ட்னர்ஸில், போயிங்கில் வேலை பார்த்த பொறியாளர் லூயி கிராட்சர் அந்த மூலையையே எடுத்துவிட்டார். இறக்கை அப்படியே வளைந்து மேலே போனது. விங்லெட் இல்லாமல் செய்யப்பட்ட பழைய கல்ஃப்ஸ்ட்ரீம் 2 ஜெட்டுகளில் அதைப் பொருத்தியதும், அவை சுமார் 7 சதவீதம் கூடுதல் தூரம் பறந்தன. போயிங்கே 1999-ல் கூட்டுச் சேர்ந்தது.

பழைய இறக்கையில் இதைச் சும்மா ஒட்டிவிட முடியாது. நுனியில் கூடும் விசை இறக்கையை வளைக்கப் பார்க்கும். அதற்காக உள்ளே பலப்படுத்த வேண்டும். அந்த எடையையும் சுமந்துகொண்டு குறுகிய தூரமே பறக்கும் விமானத்துக்குப் பெரிய பலன் கிடைக்காது. நெடுந்தூரம் போகும் விமானம்தான் போட்ட பணத்தை மீட்கும்.

போயிங் 737 விமானத்தில் கீழ்நோக்கியும் ஒரு நுனி முளைத்த கதை அடுத்த வாரம்.