'குட்டி யானை'யில் கெடா வெட்டுக்குப் போறீங்களா?

மதுரை, காளவாசலில் "வேன் வருமா?" என்று கேட்டால் எந்த வண்டி வரும் என்று சொல்ல முடியாது! 'ஸ்டேஷன் வேகன்' என்ற பேரு இங்கே ஒட்டவே இல்லை. பெரியவர்களுக்குக் கார் என்றால் 'பிளசர்'. வேன் என்றால் 'மெட்டடோர்'. 1984-ல் வந்த மாருதி வேன், பிறகு 'ஆம்னி' ஆனது. 'ஆம்னி பஸ்' என்றாலோ சென்னைக்கு ஓடும் ராட்சச வண்டி! டிரைவர் நீங்கலாக 6 பேருக்கு மேல் ஏறும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் வைத்த பெயர் 'ஆம்னிபஸ்'.

வம்பு 'குட்டி யானை'யில்தான். 2005-ல் வந்த டாடா ஏஸ். சரக்கு வண்டிங்க அது! காதுகுத்து, கெடா வெட்டு என்றால் பெண்டு பிள்ளைகளோடு பின்னால் ஏறிவிடுகிறார்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போனவருக்கு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2002-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நஷ்டஈட்டுக்கு வண்டிக்காரர் பின்னால்தான் அலைய வேண்டும். 'மேக்சி கேப்' பிடித்தால் 12 பேர் வரை சட்டப்படி போகலாம். வாடகைதான் கூட!