கடனில்லாப் பொங்கல்

மார்கழி பிறந்ததும் நம் வீடுகளில் இரண்டு பேச்சுக்கள் தொடங்குகின்றன. பண்டிகைக்கு என்னென்ன வாங்குவது என்பது ஒன்று. அதற்குப் பணம் யாரிடம் வாங்குவது என்பது மற்றொன்று. தீபாவளிக்குப் பட்ட கடனே தீராத வீட்டில் இரண்டாவது பேச்சு சற்றுத் தாழ்ந்த குரலில் நடைபெறும். பொங்கலோ தை முதல் நாளில் வாசலில் வந்து நிற்கிறது. சம்பா நெல் களத்துக்கு வந்தும் வராமலும் இருக்கும் வேளை அது. தறியிலும் மழைக்கால ஈரத்தால் பாவு காயாமல் வேலை பின்தங்கியிருக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பண்டிகைக்கென்று 5,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டியில் வெளியில் வாங்கினால் மாத வட்டி 150 ரூபாய். அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் கட்டி வந்தால் அடுத்த பொங்கலுக்குள் 1,800 ரூபாய் போய்விடும். 5,000 அப்படியே நிற்கும். இதற்கு மாறாக, ஆவணி தொடங்கி வாரம் 250 ரூபாயாகச் சங்கத்தில் சேமித்தால் 20 வாரங்களில் அதே 5,000 கையில் இருக்கும். இது அங்கத்தினர் அனைவரும் அறிந்ததே. வாரம் 250 ரூபாய் ஒதுக்க இயலாத வீடுகளும் உண்டு என்பதையும் நாம் அறிவோம். ஆகவே சேமிப்பைக் காட்டிலும், அந்த 5,000 எங்கே செலவாகிறது என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம். அதில் கணிசமான பகுதி, நம் வயலும் தறியும் தரக்கூடிய பொருள்களுக்குப் பதிலாக அவற்றினும் தாழ்ந்தவற்றை வாங்குவதில் கழிகிறது.

முதலில் போகி. பழையன கழிப்பது நல்ல வழக்கமே. ஆனால் முன்னாளில் எரித்தவை பழம்பாய், கந்தல், துடைப்பக்கட்டை, ஓலை ஆகியவை; அவற்றின் சாம்பல் எருக்குழிக்குப் போயிற்று. இன்று டயரும் பிளாஸ்டிக்கும் பாலியெஸ்டர் துணியும் அத்தீயில் விழுகின்றன. சில வகைப் பிளாஸ்டிக்குகள் எரியும்போது டையாக்ஸின் என்னும் கொடிய நச்சுப்பொருள் உண்டாகிறது. காலமும் நமக்கு எதிராக நிற்கிறது. மார்கழிக் கடைசியில் இரவுதோறும் தரை விரைவில் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழே தங்க, சற்று வெப்பமான காற்று அதன்மேல் மூடிபோல் நிற்கும். விடியற்காலையில் எழும் புகை மேலே செல்ல வழியின்றித் தெருவிலேயே தேங்கிப் பனியோடு கலக்கிறது. 2018 ஜனவரியில் போகியன்று இத்தகைய புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்கள் இறங்க இயலாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. விமானமாவது வேறு ஊருக்குப் போகலாம்; தொட்டிலில் கிடக்கும் குழந்தை எங்கே போகும்?

போகியன்று கொங்கு நாட்டில் வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபீளை மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கூரையில் செருகுவார்கள். காப்புக் கட்டுதல் என்று அதற்குப் பெயர். மூன்றும் வரப்பிலும் வேலியோரத்திலும் கிடைப்பவை, காசு வேண்டியதில்லை.

வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பே போதும். முதல் நாளே நீரில் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, சிறிது கல்லுப்பும் கஞ்சியும் சேர்த்தால் சுவரில் நன்கு பற்றும். பாவுக்குக் கஞ்சி காய்ச்சும் வீடுகளில் இதற்குத் தனிச் செலவே இல்லை. சுண்ணாம்புக்கல் நீர் பட்டவுடன் கொதிக்குமாதலால் பிள்ளைகளை அருகே விடலாகாது.

அடுத்தது துணி. இதைச் சற்று மனவருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளே பண்டிகையன்று பாலியெஸ்டர் உடுத்தி நிற்பதைக் காண்கிறோம். விலை குறைவு என்பதே காரணம். கையிலிருக்கும் காசுக்கு ஏற்பத் துணி எடுப்பவரை நாம் குறை கூற முடியாது. ஆயினும் பருத்தித் துணியின் ஆயுளைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பருத்திச் சேலை உடுத்தி நைந்தபின் குழந்தைக்குத் தூளியாகும். பிறகு மடித்துத் தைத்தால் விரிப்பாகும். அதுவும் கிழிந்தால் அடுப்படியில் கரித்துணியாகும். கிழித்துத் திரித்தால் விளக்குத் திரியாகும். எஞ்சியதை எருக்குழியில் இட்டால் மக்கிப்போகும். பாலியெஸ்டரோ மண்ணெண்ணெயைப் போலப் பெட்ரோலியத்திலிருந்து பிறப்பது. அது வியர்வையை உறிஞ்சாது, மண்ணில் மக்காது. திரியாகக் கொளுத்தினால் உருகிச் சொட்டும். ஆகவே வீட்டில் அனைவருக்கும் இரண்டிரண்டு எடுப்பதைக் காட்டிலும் ஆளுக்கு ஒன்றாக நம் சங்கத் துணியையே எடுப்பது நீடித்து உழைக்கும். அந்தக் காசும் ஒரு தறிக்குக் கூலியாகத் திரும்பி வரும்.

பொங்கல் பானை மண்பானையாகவே இருக்கட்டும். புதுப்பானையை முதல் நாள் இரவே நீரில் ஊறவைத்துவிட்டால் அடுப்பில் வெடிக்காது. வெளிப்புறம் களிமண்ணோ சாம்பலோ குழைத்துப் பூசினால் கரி எளிதில் கழுவப்படும். கழுத்தில் கட்ட மஞ்சள் கொத்து, உள்ளே புத்தரிசி, பாசிப்பருப்பு, வெல்லம். விவசாயி அங்கத்தினரிடமிருந்து நேரே வாங்கினால் இருவருக்கும் நன்மை. வாசலில் கோலத்துக்குப் பச்சரிசி மாவையே பயன்படுத்தலாம். எறும்புக்கும் குருவிக்கும் அன்றைய உணவு அதுதான். உண்பதற்கு வாழையிலை. இலைபோல் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அரசு தடை செய்திருக்கிறது. ஆயினும் சில பந்திகளில் அது இன்னும் எட்டிப் பார்க்கிறது.

மாட்டுப் பொங்கலில் நாம் செய்யும் பிழையே பெரிது. கொம்புக்கு எனாமல் வர்ணமும், கழுத்துக்குப் பளபளக்கும் பிளாஸ்டிக் மாலையும் பலூனும் வாங்குகிறோம். மாலை அறுந்து விழுந்தால் பசு அதையும் தின்னும். அது செரிக்காமலும் வெளியேறாமலும் முதல் இரைப்பையிலேயே திரண்டு, தீனி தங்கும் இடத்தை அடைத்துக்கொள்ளும். மாடு தீனி குறைந்து மெலியும். சில வேளை வயிற்றைக் கிழித்தே எடுக்க நேரிடும். பால் தரும் பசுவுக்கு நன்றி கூறும் நாளில் இப்படி ஒரு சங்கடம் வேண்டாம். கொம்புக்குக் காவியும் சுண்ணாம்பும் மஞ்சளும் போதும். தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் குளத்தில் வளரும் நெட்டியை அறுத்துச் சாயமிட்டு மாலை கட்டுகிறார்கள். அது கிடைக்காத ஊரில் மாவிலையும் ஆவாரம்பூவும் இருக்கின்றன. பாவு அறுத்தபின் தறியில் எஞ்சும் பருத்தி நூல் அவற்றைக் கட்ட உதவும்.

கரும்பின் தோகை மாட்டுக்கு, சக்கை எருக்குழிக்கு. எச்சில் இலையை மாடு தின்னாவிட்டால் அதுவும் எருக்குழிக்கே. பொங்கிய பானையைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுத்து வையுங்கள். அடுத்த பட்டத்துக்கு வேண்டிய உளுந்து விதையைச் சாம்பல் கலந்து அதில் கொட்டி, வாயைத் துணியால் கட்டி வைக்கலாம்.