வீடு துலக்கும் சரக்கு வீட்டிலேயே இருக்கிறது

(பண்ணை வானொலி உரை)



மதுரை கே.கே. நகர், அண்ணா நகர், மாட்டுத்தாவணிப் பக்கம் காய்கறி கொண்டுவருகிற நீங்கள், திரும்பும்போது சோப்புத்தூள், ஆசிட், பினாயில் என்று ஒரு பை நிறைய வாங்கிப் போகிறீர்கள். 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. இடைத்தரகர் இல்லாமல் அங்கே கிடைக்கிற காசில் ஒரு பங்கு இப்படி நுரையாகப் போகலாமா? வீட்டிலேயே தயாரிக்கக்கூடிய சிலவற்றை இன்று பார்ப்போம்.

முதலில் பூந்திக்கொட்டை. நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். இதன் தோலில் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் இருக்கிறது. அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிரித்தெடுப்பது அதுதான். 20 கொட்டையைத் தட்டி, உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எடுத்துவிடுங்கள். தோலை ஒரு லிட்டர் தண்ணியில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் இளந்தீயில் 20 நிமிஷம் கொதிக்க வையுங்கள். ஆறினதும் கையால் பிசைந்து துணியில் வடிகட்டினால் சரக்கு தயார். மூன்று நாளைக்கு மேல் வைத்தால் புளித்துப்போகும். அதனால் அவ்வப்போது கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் பல போர் கிணறுகளில் உப்புத் தண்ணிதான். அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து திரிந்துவிடும், நுரை வராது. பூந்திக்கொட்டையை அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. சோப்பில் இருக்கிற காரம் இதில் இல்லாததால் பட்டுக்கும் சுங்குடிச் சேலைக்கும் நல்லது. வெள்ளைத் துணியில் மட்டும் லேசாகப் பழுப்பு ஏறலாம். நன்றாக அலச வேண்டும். கண்ணில் பட்டால் எரியும். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: சபோனின் மீனுக்கு விஷம். கழுவின தண்ணியைக் கண்மாயிலோ ஊருணியிலோ விடாமல் வாழை, தென்னைக்கு விடுங்கள். மண்ணில் அது மக்கிப்போகும்.

அடுத்து விறகுச் சாம்பல். சாம்பலில் காரம் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கோடு சேரும்போது அதுவே கொஞ்சம் சோப்பாக மாறுகிறது. அதனால்தான் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்த எவர்சில்வர் பாத்திரம் பளிச்சென்று இருக்கிறது. சாம்பலைச் சலித்து வையுங்கள். பிளாஸ்டிக்கோ, பெயிண்ட் அடித்த கட்டையோ எரிந்த சாம்பல் ஆகவே ஆகாது. பித்தளை, செம்புக்குப் புளி. அதன் புளிப்பு களிம்பைக் கரைத்துவிடும். அலுமினியப் பாத்திரத்துக்குச் சாம்பலும் வேண்டாம், புளியும் வேண்டாம். இரண்டுமே அதை அரிக்கும். பூந்திக்கொட்டைத் தண்ணியே போதும்.

மூன்றாவது பழத்தோல் காடி. ஜூஸ் கடைகளில் எலுமிச்சை, சாத்துக்குடித் தோலைக் குப்பையில்தானே கொட்டுகிறார்கள்? கேட்டால் கொடுப்பார்கள். 100 கிராம் வெல்லம், 300 கிராம் தோல், ஒரு லிட்டர் தண்ணி. பிளாஸ்டிக் கேனில் கால்பங்கு இடம் விட்டு ஊற்றி மூடுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம்; உள்ளே வாயு சேர்ந்து வெடித்துவிடும். முதல் மாதம் தினம் ஒருமுறை மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். மூன்று மாதத்தில் புளித்துக் காடியாகும். வடிகட்டி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணி கலந்து தரை துடைக்கலாம். குழாயில் படிந்த உப்புக் கறைக்கு அப்படியே தடவிக் கால்மணி நேரம் விட்டுத் தேய்க்கலாம். இதோடு ஆப்ப சோடாவைக் கலந்தால் பொங்குமே தவிர, புளிப்பும் காரமும் ஒன்றையொன்று முறித்து வெறும் தண்ணியாகிவிடும். சோடாவைத் தனியாகவே பயன்படுத்துங்கள்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். காசு மிச்சம் என்பது ஒரு பக்கம். முக்கியமானது உயிர். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைக் குளிர்பானப் பாட்டிலில் வாங்கி மூலையில் வைக்கிறோம். தாகத்தில் வருகிற பிள்ளைக்கு அது ஆசிட் என்று தெரியுமா? ஒரு வாய் போதும், தொண்டையும் குடலும் வெந்துபோகும். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வரும் வழியெல்லாம் மறுபடி வேகும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அதேபோல ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி, மூடின அறைக்குள் மூச்சை அடைத்துவிடும்.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். பூந்திக்கொட்டையும் காடியும் அழுக்கை எடுக்குமே தவிர, நோய்க் கிருமியைக் கொல்லும் என்று நம்பியிருக்கக் கூடாது. வீட்டில் வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் அந்த இடத்துக்குப் பிளீச்சிங் பவுடர் கரைசல்தான் வேண்டும். குடிதண்ணிக் கிணற்றுக்கும் அதுதான். அளவைச் சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள். பூச்சிமருந்து அடித்த துணியை மற்றத் துணியோடு சேர்க்காமல், சுடுதண்ணியில் சலவைத்தூள் போட்டுத் தனியாகத் துவைக்க வேண்டும். அங்கே நாட்டு முறை போதாது. காலி மருந்து டப்பாவில் காடியும் ஊற்றக் கூடாது, தண்ணியும் ஊற்றக் கூடாது.

வரப்பு ஓரத்தில் இடம் இருந்தால் ஒரு பூந்திக்கொட்டைக் கன்று நட்டு வையுங்கள். வறட்சி தாங்கும், நிழலும் தரும். காய்க்கப் பல வருஷம் ஆகும். ஆனால் காய்க்க ஆரம்பித்தால் உங்கள் வீட்டுக்குப் போக விற்கவும் மிஞ்சும். இந்த வாரம் கால் கிலோ கொட்டை வாங்கி ஒரு லிட்டர் காய்ச்சிப் பாருங்கள். ஆசிட் பாட்டில் இருந்தால், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இன்றைக்கே எடுத்து வையுங்கள்.