நிலத்தடி வெப்பமும் சிங்கை இல்லங்களும்

மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கும். சித்திரை நண்பகலில் அதே நீர் தண்ணென்று இருக்கும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இதனை அறியாதார் இலர். நீர் பெரிதும் மாறுவதில்லை, மாறுவது வெளிக்காற்றே. நிலத்தினுள் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் கோடையும் குளிரும் எட்டுவதில்லை. அங்குள்ள வெப்பநிலை, அவ்வூரின் ஆண்டுச் சராசரியை ஒட்டி நிலைத்து நிற்கும்.

இவ்வுண்மையைக் கொண்டே குளிர்நாட்டார் பலர் தம் வீடுகளைப் பேணுகின்றனர். மண்ணுள் குழாய்களைப் புதைத்து நீரைச் சுழலவிட்டு, குளிர்காலத்தில் மண்ணின் வெப்பத்தைப் பொறியின் துணையால் வீட்டுக்குள் ஏற்றுகின்றனர். கோடையில் வீட்டின் வெப்பத்தை மண்ணுக்குள் இறக்குகின்றனர். கோடையில் இட்டு வைத்ததைக் குளிரில் எடுத்துக்கொள்ளும் வரவு செலவுக் கணக்கு இது.

சிங்கப்பூரில் இக்கணக்கு நேர்ப்படுமா? புகார் நகர மாளிகையில் வேனிற்பள்ளி, கூதிர்ப்பள்ளி என இருவகை இடங்கள் இருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டும். சிங்கைக்குக் கூதிர் ஏது? இத்தீவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸ். மண்ணின் நிலையும் அதனை ஒட்டியதே. அம்மண்ணில் இட்ட வெப்பத்தைத் திரும்ப எடுக்கக் குளிர்காலமும் இல்லை. இட இட நிலம் சூடேறும், பயன் குறையும்.

சிராங்கூன் சாலையில் பழைய கடைவீடுகளைக் கட்டியோர் மண்ணை நம்பாமல் காற்றையும் நிழலையும் நம்பினர். ஐந்தடி நடைபாதை வெயிலைச் சுவரில் படாமல் தடுத்தது. உயர்ந்த கூரையும் நடுவிலுள்ள திறந்த முற்றமும் சூடான காற்றை மேலே போக்கின. இன்று அக்கடைவீடுகள் பலவற்றில் முற்றம் மூடப்பட்டுக் குளிர்சாதனப் பெட்டி ஒலிக்கிறது. அது சுவருக்கு வெளியே தள்ளும் வெப்பம் பின்சந்தில் நடப்பவர் மேல் வீசுகிறது. நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு இயற்கை எரிவாயுவிலிருந்து வருவது. அவ்வாயுவோ வெளிநாட்டிலிருந்து வாங்குவது.

மரினா பேயில் 2006 முதல் நிலத்தடியில் ஒரு குளிர்நீர் நிலையம் இயங்குகிறது. பெயர் கேட்டு அதனையும் நிலவெப்பத் திட்டம் என்று எண்ணிவிடலாகாது. அங்கு நீரைக் குளிர்விப்பது மின்சாரமே. ஒரு நிலையம் பல கட்டடங்களுக்கு உதவுவதால் சிக்கனம் உண்டு. நிலத்தடியில் அமைத்ததால் மேலே இடம் மிச்சம்.

எனினும் சிங்கை மண் கைவிட்டுவிடவில்லை. மேல்மண் உதவாத இடத்தில் ஆழம் உதவக்கூடும். செம்பவாங்கில் 1909இல் கண்டறியப்பட்ட வெந்நீர் ஊற்று இதற்குச் சான்று. ஏறத்தாழ 70 டிகிரி வெப்பமுள்ள அந்நீரில் மக்கள் முட்டை அவிக்கின்றனர். ஆறவைத்துக் கால் நனைக்கின்றனர். அருகில் எரிமலை இல்லை. கருங்கற்பாறையிலுள்ள யுரேனியம், தோரியம் போன்ற தனிமங்கள் சிதையும்போது எழும் வெப்பமும் இதற்கு ஒரு காரணம் என்பர்.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் தீவின் வடபகுதியில் துளையிட்டுப் பார்த்தனர். 2024இல் வெளியான முடிவின்படி, 1.76 கிலோமீட்டர் ஆழத்தில் 122 டிகிரி வெப்பம் இருந்தது. அஃதாவது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 53 டிகிரி ஏற்றம். உலகில் பொதுவாகக் காண்பது 25, 30 டிகிரியே. ஐந்து கிலோமீட்டரில் 230 டிகிரி வரை இருக்கலாம் என்பது அவர்தம் மதிப்பீடு.

ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடுகளுக்குக் கதகதப்புத் தருவது இத்தகைய வெப்பமே. வியர்த்து வாடும் ஊருக்கு அதனால் ஆவதென்ன என்று வினவலாம். வெப்பத்தாலேயே குளிர்ச்சி உண்டாக்க முடியும் என்பதே விடை. மண்பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது பானை குளிர்கிறது அன்றோ? காற்று நீக்கிய கலத்தில் நீர் ஐந்தாறு டிகிரியிலேயே ஆவியாகித் தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தைக் கவரும். அந்த ஆவியை லித்தியம் புரோமைடு என்னும் உப்புக்கரைசல் உறிஞ்சிக்கொள்ளும். நீர்த்துப்போன கரைசலைச் சூடேற்றி நீரைப் பிரித்துவிட்டால் அது மீண்டும் உறிஞ்சத் தயார். இதற்கு 90 டிகிரி அளவிலான சுடுநீரே போதும். மின்சாரம் குழாய்நீரை ஓட்ட மட்டும் சிறிது வேண்டும்.

வெப்பம் இருந்தால் மட்டும் போதாது. அதனைச் சுமந்து வர நீர் வேண்டும், நீர் ஓடப் பாறையில் வெடிப்பு வேண்டும். சுடுநீர் நெடுந்தொலைவு சென்றால் வழியிலேயே ஆறும். ஆதலின் இம்முறை கைகூடினாலும் முதலில் பயன்பெறக் கூடியவை செம்பவாங், ஈசூன் வட்டாரக் கட்டடங்களே. தேக்காவின் கடைவீடுகளுக்கு இப்போதைக்கு உதவக்கூடியது மூடிய முற்றத்தைத் திறப்பதுதான்.