வலிக்கு ஸ்விட்ச் இல்லை

டோரதி கிளார்க் வில்சன் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த நாவலாசிரியர். மோசேயைப் பற்றி 1949இல் அவர் எழுதிய நாவல், ஹாலிவுட்டின் 'டென் கமாண்ட்மென்ட்ஸ்' படத்துக்கு மூலநூல்களில் ஒன்று. பின்னாளில் வாஷிங்டனின் மனைவி, மேடிசனின் மனைவி, தியோடர் ரூஸ்வெல்ட்டின் இரு மனைவியர் என்று அமெரிக்க ஜனாதிபதிகளின் வீட்டுக் கதைகளை எழுதினார். இந்த ஜனாதிபதி வீட்டுக் கதைகளுக்கு முன்பே, 1959 தொடங்கி 1965க்குள், மூன்று வேலூர் மருத்துவர்களைப் பற்றி மூன்று புத்தகங்கள் எழுதி முடித்திருந்தார். ஒருவர், ராணிப்பேட்டையில் பிறந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை (சி.எம்.சி.) நிறுவிய அமெரிக்கர் ஐடா ஸ்கடர். இன்னொருவர், கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த மேரி வர்கீஸ். மூன்றாமவர் பால் பிராண்ட். நெருக்கடியில் ஒரு மனிதர் எப்படித் தலைமை ஏற்கிறார் என்ற கேள்வியை வெள்ளை மாளிகைக்குக் கொண்டுபோகும் முன், வேலூர் வார்டுகளில்தான் வில்சன் கேட்டுப் பழகினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த மூவரில் பிராண்ட்தான் பிற்பாடு அமெரிக்காவிலேயே குடியேறி, அந்தச் சமூகத்தைப் பற்றி அதற்குக் கசப்பான ஒன்றைச் சொன்னவர். அதற்கு அவரிடம் இருந்த ஆதாரம் நரம்பு.

1914இல் பிறந்து, கொல்லிமலையில் சிறுவயதைக் கழித்த ஆங்கிலேயர் அவர். 1946இல் சி.எம்.சி.க்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, மடங்கிக் குறுகிய விரல்களைக் கண்டார். நோய் சதையை அழுகவைக்கிறது, விரல் தானாக உதிர்கிறது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. உண்மை வேறு. தொழுநோய்க் கிருமிக்கு உடலின் 37 டிகிரி சூடு ஒத்துவராது. குளிர்ந்த இடம் வேண்டும். முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால், முகம் என்று நரம்புகள் தோலுக்குக் கிட்டத்தில் ஓடும் இடங்களில் அது தங்குகிறது. நரம்பு வீங்குகிறது, ஆனால் அதைச் சுற்றியிருக்கும் உறை விரிந்துகொடுப்பதில்லை. உள்ளேயே நசுங்கி நரம்பு சாகிறது. கிருமியின் வேலை பெரும்பாலும் அதோடு சரி. மிச்சத்தை அந்தக் கைக்குரியவரே, தெரியாமல், செய்துவிடுகிறார்.

துருப்பிடித்த பூட்டு ஒன்று பிராண்டுக்குத் திறக்கவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்தான். இவ்வளவு பலமா என்று வியந்த மருத்துவர் தரையில் ரத்தத்தைப் பார்த்தார். சாவி விரலை எலும்பு வரை அறுத்திருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை. பலம் அவனிடம் கூடுதலாக இருக்கவில்லை, 'போதும், விடு' என்று சொல்லும் குரல்தான் இல்லை. வேறு சிலருக்கு இரவில் படுத்து எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. காவல் இருந்து பார்த்தார்கள்: எலி. அதன் பிறகு வீடு திரும்பும் நோயாளிகள் கூடவே ஒரு பூனையையும் கொண்டுபோனார்கள்.

கால் இதைவிடச் சிக்கலானது. புதுச் செருப்பு கடித்தால் நமக்குத் தெரிகிறது. ஆம்பூரிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் ஷூவுக்கும் கடைசித் தீர்ப்பு சொல்வது போட்டுக்கொள்பவரின் கால்தான். அந்தத் தீர்ப்பு வராத காலுக்கு எப்படிச் செருப்பு தைப்பது? ஆணி அடித்த தோல் செருப்பு ஆபத்து. ஆணி மேலே வந்தாலும் அந்தக் கால் அதன் மேலேயே நாள் முழுக்க நடக்கும். வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை இதற்கான விடையைத் தேடிய இடங்களில் ஒன்று. தோலுக்குப் பேர்போன வட்டாரத்தில், விடை ரப்பரில் கிடைத்தது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழ்கள் நிறைந்த மைக்ரோசெல்லுலர் ரப்பர், உடல் எடையை ஒரே புள்ளியில் குவியவிடாமல் பாதம் முழுக்கப் பரப்பியது.

ஆணியும் முள்ளும் குத்தாமலேயே புண் வருவது ஏன் என்பதுதான் பெரிய புதிர். 1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்கு மாறினார். அங்கே எலிகளின் உள்ளங்காலில் இயந்திரத்தால் மெதுவாகத் தட்டிப் பார்த்தார்கள். ஒருமுறை தட்டினால் ஒன்றும் ஆகாத அதே அழுத்தம், தினமும் ஆயிரக்கணக்கான முறை ஒரே இடத்தில் விழுந்தபோது சதை சூடாகி, வீங்கி, சில நாளில் புண்ணானது. நெடுந்தூரம் நடக்கும்போது நமக்கு அப்படி ஆகாததற்குக் காரணம், நமக்கே தெரியாமல் நடையை மாற்றிக்கொள்கிறோம். எடையைக் குதிகாலிலிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து விரலுக்குத் தள்ளுகிறோம். லேசாக நொண்டுவதும் அந்த வேலைதான். உணர்வற்ற கால் முதல் அடி வைத்த மாதிரியே கடைசி அடியையும் வைக்கிறது.

அப்படியானால் வலியைச் செயற்கையாகச் செய்துவிடலாமே? பொறியாளர்களோடு சேர்ந்து பிராண்ட் முயன்றார். அழுத்தத்தை அளக்கும் உணரிகள் பதித்த கையுறை. அளவு மீறினால் காதில் ஒலி. நோயாளிகளுக்கு ஒலி கேட்டது, அர்த்தமும் புரிந்தது. ஆனாலும் கையில் இருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் விட்டார்கள். அடுத்து, உணர்வுள்ள அக்குளில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். கெட்டியான திருகு ஒன்றைக் கழற்ற வேண்டியிருந்தால் அவர்கள் கருவியை நிறுத்திவிட்டு, திருகைக் கழற்றிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. வலி வெறும் தகவல் என்று எண்ணியிருந்தவர்கள், அது கட்டளை என்று கண்டுகொண்டார்கள். நம் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதால்தான் அந்தக் கட்டளை செல்லுபடியாகிறது.

இந்தத் தோல்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் பிராண்ட் அமெரிக்காவைப் பார்த்தார். ஃபிலிப் யான்சியோடு சேர்ந்து 1993இல் வெளியிட்ட நூலில், தான் வாழ்ந்த இந்தியா, இங்கிலாந்து, அமெரிக்கா மூன்றையும் ஒப்பிட்டார். வலியே இல்லாமல் வாழ்வதற்கு அதிகம் செலவழிக்கும் அமெரிக்கர்கள்தான் வலி வரும்போது அதிகம் திணறுகிறார்கள் என்பது அவர் கணிப்பு. முன்னுரை எழுதியவர் அமெரிக்க அரசின் சர்ஜன் ஜெனரலாக இருந்த எவரெட் கூப்.

அமெரிக்கா பற்றி அவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அதே ஒப்பீட்டில் இந்தியர்களின் பொறுமையை அவர் பாராட்டியதில் எனக்குத் தயக்கம் உண்டு. வாணியம்பாடியிலோ பேரணாம்பட்டிலோ தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டியில் கைவிட்டு வேலை செய்தவர் எரிச்சலைத் தாங்கிக்கொண்டாரென்றால், அன்றைய கூலி போய்விடும் என்பதும் அதில் இருக்கிறது. வலியை ஒழித்துவிட ஆசைப்படுவது வேறு, வலிக்கிறது என்று சொல்ல முடியாமல் இருப்பது வேறு. இரண்டாவதை ஞானம் என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

கார்வில் ஆராய்ச்சி இப்போது அதிகம் உதவுவது சர்க்கரை நோயாளிகளுக்கு. அவர்களின் பாத நரம்பும் அதே போல மரத்துப்போகிறது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனையைப் பரவச் செய்ததில் அந்த மருத்துவமனைக்குப் பெரிய பங்கு உண்டு. கரிகிரியில் தொழுநோயாளிகள் அணிந்த மைக்ரோசெல்லுலர் ரப்பர், தமிழ்நாட்டுச் செருப்புக் கடைகளில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்ற பெயரில் விற்கிறது. வாங்குகிறவர்களில் அதிகம் பேர் சர்க்கரைக்காரர்கள். போட்டுப் பார்த்து 'கடிக்கவில்லை' என்று அவர்கள் சொன்னால், அதை மட்டும் நம்பிக் கொடுத்தனுப்பக் கூடாது.