உருக்குவதற்கு முன் உற்றுப் பாருங்கள்

1836 ஏப்ரலில் அமெரிக்கத் தூதர் எட்மண்ட் ராபர்ட்ஸ், சயாம் மன்னர் மூன்றாம் ராமாவுக்கு ஒரு நாணயப் பேழையைப் பரிசளித்தார். அதிலிருந்த வெள்ளி டாலரில் 1804 என்று பொறித்திருந்தது. ஆனால் 1804-இல் பிலடெல்பியாவில் அடித்த 19,570 டாலர்களிலும் பழைய ஆண்டு எண்களே இருந்தன. 1804 என்று பொறித்த டாலர்கள், ஆசிய மன்னர்களுக்குப் பரிசளிக்கவென்றே 1834-இல் தனி அச்சு வெட்டித் தயாரித்தவை. பின்னாளில் அடித்தவற்றையும் சேர்த்து இன்று தெரிந்தவை மிகச் சிலவே. சயாம் பேழை 1962-இல் லண்டனில் வெளிப்பட்டது. 2005-இல் 85 லட்சம் டாலருக்கு விலைபோனது. ஆகவே யாராவது 1804 டாலரை மலிவாகத் தருகிறேன் என்றால், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பேராக்கின் செமோரில் இருப்பவருக்கு இந்தக் கதை எதற்கு? அமெரிக்க வெள்ளி நம் பக்கமும் புழங்கியிருக்கிறது. 1873 முதல் அமெரிக்கா கிழக்காசிய வணிகத்துக்காக அடித்த ‘டிரேட் டாலர்’, 1874-இல் நீரிணைக் குடியேற்றங்களில் செல்லுபடியானது. பங்கோர் ஒப்பந்தம் பேராக்கில் ஆங்கிலேயரைக் கொண்டுவந்து நிறுத்திய அதே ஆண்டு. கை மாறிய டாலர்களில், வெள்ளி சுத்தமானது என்பதற்குச் சாட்சியாகச் சீன வணிகர்கள் சிறு முத்திரை குத்தினார்கள்.

இத்தகைய காசு கைக்கு வந்தால் முதலில் புரூஃப் நாணயத்தையும் புழக்க நாணயத்தையும் பிரித்தறிய வேண்டும். தேயாமல் பளபளப்பதெல்லாம் புரூஃப் ஆகாது. மெருகேற்றிய அச்சில், மெருகேற்றிய தகட்டை வைத்து, அழுத்தம் கொடுத்து நிதானமாக அடித்ததே புரூஃப். விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். வெற்றுப்பரப்பு கண்ணாடி போல் முகம் காட்டும். உருவங்கள் பெரும்பாலும் வெண்பனி படிந்தாற்போல மங்கலாக எழும்பி நிற்கும். விளிம்பு கூர்மையாக இருக்கும். டிரேட் டாலரில் கழுகுக்குக் கீழே ‘எஸ்’ எழுத்து இருந்தால் அது சான் பிரான்சிஸ்கோவில் அடித்த புழக்கக் காசு. புரூஃப்கள் பிலடெல்பியாவில் அடித்தவை. அவற்றில் எழுத்தே இராது. 1878 முதல் 1883 வரை அங்கே புரூஃப் மட்டுமே அடித்தார்கள். 1884-க்குப் பத்தும் 1885-க்கு ஐந்துமே உள்ளன.

போலியும் ஏராளம். அசல் டிரேட் டாலரின் எடை 27.22 கிராம், விட்டம் சுமார் 38 மில்லிமீட்டர். காந்தம் ஒட்டினால் கதை முடிந்தது. நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தால் குறைகிற எடை ஏறத்தாழ 2.64 கிராம் இருக்க வேண்டும். விளிம்பு வரிகளுக்கு நடுவே ஒட்டுக்கோடு தெரிந்தால் அது வார்ப்படம்.

தோட்டத்துக் குடும்பங்களின் பெட்டிகளில் கிடைக்க அதிக வாய்ப்புள்ளது ஏழாம் எட்வர்ட் தலை போட்ட நீரிணை டாலர்தான். 1903-இலும் 1904-இலும் அது பம்பாய் நாணயச்சாலையில் 26.95 கிராமில் அடிக்கப்பட்டது. 1907-இல் எடை 20.2 கிராமாகக் குறைந்தது. அதற்கும் புரூஃப்கள் உண்டு. பம்பாயில் பழைய அச்சுகளைக் கொண்டு பிற்காலத்தில் அடித்த மறுஅச்சுகளும் உண்டு. முதல் அச்சா, மறுஅச்சா என்பதைப் பொறுத்து விலை மாறும். அதை அனுபவசாலியிடம் காட்டித்தான் உறுதிசெய்ய வேண்டும்.

பழைய காசு கையில் கிடைத்ததும் நம் வீடுகளில் முதலில் நடப்பது, விபூதி போட்டுத் தேய்ப்பது. கண்ணாடிப் பரப்பில் நுண்கீறல் விழுந்த புரூஃப், சேகரிப்பவர் கண்ணில் பாதி மதிப்பை இழந்துவிடுகிறது. கருத்த படலத்தை அப்படியே விடுங்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். பிவிசி கலந்த பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். அது பச்சைப் பிசுக்கு கட்டும்.

பிறகு இருபுறமும் படமெடுங்கள், எடை குறியுங்கள், யார் கொடுத்தது, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். கிராமுக்கு இவ்வளவு என்று நிறுத்து வாங்கும் கடைக்கு எடுத்துப்போவது கடைசி வேலையாக இருக்கட்டும். தேய்ந்த காசானாலும் அது நம்மவர் வியர்வைக்குக் கிடைத்த கூலி. உருக்கிவிட்டால் வெள்ளி மிஞ்சும், வரலாறு மிஞ்சாது.